சார்ல் எடுவார் பிரவுன்-செக்கார்

சார்ல் எடுவார் பிரவுன்-செக்கார் (ஏப்ரல் 8, 1817 – ஏப்ரல் 1894) மொரிசியஸ் தீவில் பிறந்து, பிரான்ஸ், இங்கிலாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் பணியாற்றிய உடலியங்கியல் அறிஞரும் நரம்பியல் மருத்துவரும் ஆவார். தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் சேதமுறும்போது தோன்றும் குறிகளின் தொகுதி இவரது பெயரால் பிரவுன்-செக்கார் கூட்டறிகுறி என அழைக்கப்படுகிறது. அண்ணீரகச் சுரப்பிகள் உயிர் வாழ்வதற்கு இன்றியமையாதவை என்பதை 1856ஆம் ஆண்டில் விலங்குகளில் செய்து காட்டியவரும் இவரே.

எனினும் இவர் பெரிதும் அறியப்படுவது, தமது 72ஆம் வயதில், விலங்குகளின் விந்தகச் சாற்றைத் தமக்குத் தாமே ஊசி மூலம் ஏற்றிக்கொண்ட சோதனைக்காகவே. இழந்த வலிமை மீண்டதாக 1889ஆம் ஆண்டில் இவர் அறிவித்தது உலகெங்கும் பரபரப்பையும் ஏளனத்தையும் ஒருங்கே தோற்றுவித்தது. அந்தச் சாற்றில் பயன் தரும் அளவுக்கு இயக்குநீர் எதுவும் இருந்திருக்க முடியாது என்பது இன்று தெளிவாகியுள்ளது. ஆயினும் சுரப்பிகள் குருதியில் கலக்கும் பொருட்களே உடலின் பல தொழில்களை ஆள்கின்றன என்ற அவரது அடிப்படைக் கருத்து சரியானதாக அமைந்தது. இதனால் அகச்சுரப்பியியலின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

பிரவுன்-செக்கார் மொரிசியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயியில் பிறந்தார். தந்தை சார்லஸ் எட்வர்ட் பிரவுன் பிலடெல்பியாவைச் சேர்ந்த அமெரிக்கக் கப்பல் தலைவர். தாய் சார்லொட் செக்கார் தீவில் குடியேறிய பிரெஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மகன் பிறப்பதற்கு முன்னரே தந்தை கடலில் மறைந்துவிட்டார். தாய் தையல் வேலை செய்து மகனை வளர்த்தார். 1810ஆம் ஆண்டில் பிரித்தானியர் தீவைக் கைப்பற்றியிருந்ததால், பிரெஞ்சு மொழியில் வளர்ந்த இவர் பிறப்பால் பிரித்தானியக் குடிமகனாக இருந்தார்.

1838ஆம் ஆண்டில் தாயும் மகனும் பாரிசுக்குச் சென்றனர். எழுத்தாளராக வேண்டும் என்பதே இவரது முதல் விருப்பம். அது கைகூடாமற் போகவே மருத்துவம் பயிலத் தொடங்கினார். தாய், மாணவர்களுக்குத் தங்குமிடமும் உணவும் அளித்துக் குடும்பத்தைக் காத்தார். இவர் படிப்பை முடிக்கும் முன்னரே தாய் இறந்தார். தம்மை வளர்த்த தாயின் நினைவாக அவரது குடும்பப் பெயரான செக்கார் என்பதைத் தந்தையின் பெயரோடு இணைத்துக்கொண்டார். 1846ஆம் ஆண்டில் பாரிசில் மருத்துவப் பட்டம் பெற்றார். தண்டுவடத்தின் செயற்பாடே அவரது ஆய்வேட்டின் பொருளாக இருந்தது.

1848ஆம் ஆண்டில் பாரிசில் உயிரியல் கழகம் நிறுவப்பட்டபோது அதன் செயலாளர்களுள் ஒருவராக இருந்தார். புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞரான குளோட் பெர்னாரும் அக்கழகத்தின் தொடக்க கால உறுப்பினர். 41 ஆண்டுகளுக்குப் பின்னர் தமது விந்தகச் சாற்றுச் சோதனையை இவர் அறிவித்ததும் இதே கழகத்தில்தான்.

தம் உடலையே ஆய்வுக்களமாக்கியவர்

பிரவுன்-செக்காரின் ஆய்வு முறையில் ஒரு தனித்தன்மை உண்டு. பிறர் செய்யத் தயங்கும் சோதனைகளைத் தம் உடலிலேயே செய்து பார்ப்பது அவரது வழக்கம். இரைப்பை நீரை ஆராய்வதற்காக, நூலில் கட்டிய பஞ்சுத் துண்டுகளை விழுங்கி மீண்டும் வெளியே இழுத்தெடுத்தார். இதன் விளைவாக, உண்ட உணவு தானே மேலெழும் கோளாறு அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது. 1851ஆம் ஆண்டில், தலை வெட்டப்பட்ட குற்றவாளி ஒருவரின் விறைத்துப்போன கையினுள் தம் சொந்தக் குருதியைச் செலுத்தி, தசைகள் சிறிது நேரம் மீண்டும் நெகிழ்வதைக் காட்டினார்.

1854ஆம் ஆண்டில் மொரிசியசில் காலரா பரவியபோது அங்கு சென்று நோயாளருக்கு மருத்துவம் செய்தார். அபினிக் கரைசல் பயன்தருமா என்பதை அறிய, காலரா நோயாளர் வாந்தியெடுத்ததைத் தாமே உட்கொண்டு, பின்னர் அம்மருந்தையும் உட்கொண்டார். அவரது தொண்டைப் போற்றி அத்தீவினர் தங்கப் பதக்கம் ஒன்றை வழங்கினர். அதன்பின் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரிலுள்ள வர்ஜீனியா மருத்துவக் கல்லூரியில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். தோலின் தொழிலை அறிவதற்காகத் தம் உடல் முழுவதும் மெருகெண்ணெய் பூசிக்கொண்டு மயங்கி விழுந்ததும், மாணவர் ஒருவர் அதைச் சுரண்டி எடுத்து அவரைக் காப்பாற்றியதும் இக்காலத்தில் நிகழ்ந்தவை.

1889ஆம் ஆண்டின் சோதனையைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி தேவையாகும். அது முதுமையில் ஏற்பட்ட திடீர் மனமயக்கம் அன்று. இளமை முதல் அவர் பின்பற்றிய முறையின் தொடர்ச்சியே ஆகும்.

நரம்பியல் ஆய்வுகள்

தண்டுவடத்தை ஒரு பக்கம் மட்டும் வெட்டினால், வெட்டிய பக்கத்தில் அசைவும் உடலுறுப்புகளின் நிலையை அறியும் உணர்வும் கெடுகின்றன. வலியையும் வெப்பத்தையும் அறியும் உணர்வு எதிர்ப்பக்கத்தில் கெடுகிறது. வலி உணர்வைக் கடத்தும் நரம்பிழைகள் தண்டுவடத்திற்குள்ளேயே மறுபக்கத்திற்குக் கடந்து செல்கின்றன என்பதை இதிலிருந்து இவர் விளக்கினார். கத்திக்குத்து, விபத்து, கட்டி முதலியவற்றால் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களைச் சோதிக்கும்போது இவரது கண்டறிதல் இன்றும் பயன்படுகிறது.

கழுத்திலுள்ள பரிவு நரம்பைத் தூண்டினால் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன என்பதையும் 1852ஆம் ஆண்டில் வெளியிட்டார். குளோட் பெர்னாரும் ஏறத்தாழ இதே காலத்தில் இத்துறையில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். வலிப்பு நோய் குறித்தும் இவர் நீண்ட காலம் ஆராய்ந்தார். காயத்தின் மூலம் கினிப்பன்றிகளில் ஏற்படுத்திய வலிப்பு அவற்றின் குட்டிகளுக்கும் மரபு வழியே செல்கிறது என்று அவர் கூறியது பிற்காலத்தில் ஏற்கப்படவில்லை.

1860ஆம் ஆண்டில் இலண்டனில் புதிதாகத் தொடங்கப்பட்ட, முடக்குவாதத்திற்கும் வலிப்பு நோய்க்குமான தேசிய மருத்துவமனையில் மருத்துவராகப் பொறுப்பேற்றார். 1861ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தில் குரூனியன் சொற்பொழிவை நிகழ்த்தினார். 1864ஆம் ஆண்டில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல், நரம்பு நோயியல் பேராசிரியர் ஆனார். 1868ஆம் ஆண்டில் ஷார்க்கோ, வுல்பியன் ஆகியோருடன் இணைந்து பாரிசில் உடலியங்கியல் ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்க மேலவை உறுப்பினரும் அடிமை முறை எதிர்ப்பாளருமான சார்லஸ் சம்னர், அவையிலேயே தடியால் தாக்கப்பட்டு நீண்ட காலம் துன்புற்றபோது, 1858ஆம் ஆண்டில் பாரிசில் அவருக்குச் சிகிச்சை அளித்தவர் இவரே.

குளோட் பெர்னார் 1878ஆம் ஆண்டில் மறைந்ததும், பாரிசின் கொலேஜ் த பிரான்ஸ் நிறுவனத்தில் அவர் வகித்த பரிசோதனை மருத்துவப் பேராசிரியர் பதவி பிரவுன்-செக்காருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் பிரெஞ்சுக் குடியுரிமையும் பெற்றார். 1886ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சுரப்பிகள் பற்றிய கருத்தின் தோற்றம்

இங்கிலாந்தின் தாமஸ் அடிசன் என்னும் மருத்துவர், அண்ணீரகச் சுரப்பிகள் அழிவதால் ஏற்படும் நோயை 1855ஆம் ஆண்டில் விவரித்தார். மறு ஆண்டே பிரவுன்-செக்கார் விலங்குகளில் இச்சுரப்பிகளை அகற்றிப் பார்த்தார். இரண்டையும் இழந்த விலங்குகள் விரைவில் இறந்தன. குழாய் வழியே எதையும் வெளியேற்றாத ஒரு சிறிய சுரப்பி உயிருக்கு ஏன் இன்றியமையாததாக உள்ளது என்ற கேள்வி அவர் மனத்தில் நிலைத்தது. அது குருதியினுள் ஏதோ ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதே விடையாகத் தோன்றியது.

விந்தகம் பற்றிய சான்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. செருமனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்தோல்டு என்பவர் 1849ஆம் ஆண்டில் ஆறு சேவல்களைக் கொண்டு ஓர் எளிய சோதனை செய்திருந்தார். விந்தகம் அகற்றப்பட்ட சேவல்கள் கொண்டை சிறுத்து, கூவாமலும் சண்டையிடாமலும் வளர்ந்தன. விந்தகத்தை வேறிடத்தில் பொருத்தியபோது, நரம்புத் தொடர்பு இல்லாதிருந்தும் அவை முழுச் சேவல்களாகவே வளர்ந்தன. ஆகவே விந்தகத்தின் விளைவு குருதி வழியே செல்கிறது என்பது பெறப்பட்டது. இந்த ஆய்வு நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்தது.

பிரவுன்-செக்காரின் சிந்தனை வேறு வழியில் அமைந்தது. இளமைக்கு முன் விந்தகம் அகற்றப்பட்டவர்களிடம் தசை வலிமையும் ஆண்மைக் குறிகளும் குறைந்திருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். முதியோரின் தளர்ச்சிக்கும் விந்தகங்களின் செயல் குறைவே ஒரு காரணம் என்று கருதினார். விந்து மிகுதியாக வெளியேறுவது உடலையும் மனத்தையும் தளரச் செய்கிறது என்ற அக்கால நம்பிக்கையையும் அவர் ஏற்றிருந்தார். முதியவர்களின் குருதியில் விலங்கின் விந்தைச் செலுத்தினால் வலிமை திரும்பலாம் என்று 1869ஆம் ஆண்டிலேயே கூறினார். 1875ஆம் ஆண்டில் நாய்களில் சில சோதனைகளும் செய்தார்.

இவற்றுள் முதல் இரண்டு கருத்துகளிலும் ஓரளவு உண்மை உண்டு. மூன்றாவது தவறானது. விந்து வெளியேறுவதால் உடல் வலிமை இழக்கப்படுவதில்லை என்பது இன்றைய மருத்துவத்தின் முடிவு. ஆண்மையைத் தரும் இயக்குநீர் விந்துடன் வெளியேறி வீணாவதில்லை. அது விந்தகத்திலிருந்து நேரே குருதிக்குச் செல்கிறது.

1889ஆம் ஆண்டின் சோதனை

பிரவுன்-செக்கார் இயல்பாகவே கடும் உழைப்பாளி. அதிகாலையில் எழுந்து வேலையைத் தொடங்கி, இரவில் முன்னதாகவே உறங்கச் செல்வது அவரது பழக்கம். எழுபது வயதை நெருங்கியபோது இவ்வுழைப்பு இயலாமற் போயிற்று. ஆய்வுக்கூடத்தில் அரை மணி நேரம் நின்றாலே உட்கார வேண்டியிருந்தது. மாலையில் வீடு திரும்பியதும் களைப்பால் படுக்கைக்குச் செல்லும் நிலை ஏற்பட்டது. உறக்கமும் குறைந்தது. மலச்சிக்கல் தொல்லை தந்தது.

1889 மே 15 முதல் அவர் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கினார். நாயின் விந்தகச் சிரையிலிருந்து எடுத்த குருதி, விந்து, நசுக்கிய விந்தகத்தின் சாறு ஆகிய மூன்றையும் சிறிது நீருடன் கலந்து வடிகட்டி அம்மருந்தைச் செய்தார். பின்னர் கினிப்பன்றிகளின் விந்தகங்களையும் பயன்படுத்தினார். தோலுக்கடியில் செலுத்தப்பட்ட இந்த ஊசிகள் கடும் வலியைத் தந்தன. மொத்தம் பத்து ஊசிகள் போட்டுக்கொண்டார்.

ஜூன் 1 அன்று உயிரியல் கழகத்தின் கூட்டத்தில் முடிவுகளை அறிவித்தார். தாம் மீண்டும் பல மணி நேரம் நின்றபடியே வேலை செய்வதாகவும், மாடிப்படிகளில் ஓடி ஏறுவதாகவும், இரவு உணவுக்குப் பின்னும் எழுத முடிவதாகவும் கூறினார். இது உணர்வு பற்றிய கூற்றாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில அளவீடுகளையும் தந்தார். விசைமானியைக் கொண்டு அளந்தபோது முன்கைத் தசைகளின் வலிமை ஏறத்தாழ 6 முதல் 7 கிலோகிராம் கூடியிருந்தது. சிறுநீர் பாயும் தொலைவும் கூடியிருந்தது. மலச்சிக்கல் குறைந்திருந்தது. ஊசிகளை நிறுத்திச் சில வாரங்கள் சென்றபின் பழைய தளர்ச்சி படிப்படியாகத் திரும்பிவிட்டது. இதன் ஆங்கில வடிவம் அதே ஆண்டில் லான்செட் இதழில் வெளிவந்தது.

இந்த விளைவு தம் மனத்தின் எதிர்பார்ப்பால் உண்டாகியிருக்கலாம் என்ற ஐயத்தை அவரே எழுப்பியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பிற முதியவர்களிடமும் மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். எனினும், ஊசியில் மருந்து இருக்கிறதா வெறும் நீர் இருக்கிறதா என்பதைப் பெறுபவரும் கொடுப்பவரும் அறியாதவாறு நடத்தப்படும் ஆய்வு முறை அன்று மருத்துவத்தில் வழக்கத்திற்கு வரவில்லை.

எதிர்வினைகள்

செய்தித்தாள்கள் இதனை இளமை தரும் அமுதம் என்ற பொருளில் பரப்பின. பல நாடுகளில் மருத்துவர்கள் இச்சாற்றைச் செலுத்தத் தொடங்கினர். 1889 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்க அடிபந்தாட்ட வீரரான பட் கால்வின் ஒரு போட்டிக்கு முன் இதைப் பயன்படுத்தினார். விளையாட்டில் வலிமை கூட்டுவதற்காக மருந்து பயன்படுத்தியதற்கான தொடக்க கால எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இது சுட்டப்படுகிறது. அன்று அதை எவரும் முறைகேடாகக் கருதவில்லை.

மறுபுறம், மருத்துவ உலகின் பெரும்பகுதி இதனை ஏளனம் செய்தது. புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவர் முதுமையில் அறிவு தடுமாறிவிட்டார் என்றே பலர் கருதினர். தூய்மையற்ற சாறுகளால் சிலருக்குச் சீழ்க்கட்டிகள் ஏற்பட்டன. வணிகர்கள் அவரது பெயரைப் பயன்படுத்திப் போலி மருந்துகளை விற்றனர். பிரவுன்-செக்கார் இதனால் பொருள் ஈட்டவில்லை. அவரும் உதவியாளர் ஆர்சேன் தார்சோன்வாலும் தமது ஆய்வுக்கூடத்தில் செய்த சாற்றை மருத்துவர்களுக்கு இலவசமாக அனுப்பிவைத்து, முடிவுகளைத் தெரிவிக்குமாறு கேட்டனர்.

சாறு ஏன் பயன் தரவில்லை

விந்தகத்தின் ஆண் இயக்குநீர் டெஸ்டோஸ்டிரோன் எனப்படுகிறது. அது கொலஸ்டிராலிலிருந்து உண்டாகும் பொருள். கொழுப்பில் எளிதில் கரையும். நீரில் மிகக் குறைவாகவே கரையும். மேலும், கணையம் இன்சுலினைச் சேமித்து வைப்பது போல, விந்தகம் இதனைச் சேமித்து வைப்பதில்லை. உண்டாகும்போதே குருதியில் விட்டுவிடுகிறது. ஆகவே நீரில் நசுக்கி வடித்த சாற்றில் அது மிகச் சிறிதளவே இருந்திருக்க முடியும்.

1935ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லக்கேரின் குழுவினர் காளைகளின் விந்தகங்களிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். 100 கிலோகிராம் விந்தகத்திலிருந்து கிடைத்தது ஏறத்தாழ 10 மில்லிகிராம் மட்டுமே. நலமான ஓர் ஆணின் உடல் ஒரே நாளில் உண்டாக்கும் அளவும் சில மில்லிகிராம்கள் ஆகும். இதனோடு ஒப்பிட்டால், ஒரு நாயிடமிருந்தும் சில கினிப்பன்றிகளிடமிருந்தும் எடுத்த சாறு எவ்வளவு போதாதது என்பது விளங்கும்.

2002ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரவுன்-செக்காரின் செய்முறையைப் பின்பற்றி நாய்களின் விந்தகங்களிலிருந்து அதே சாற்றைச் செய்து அளந்தனர். பயன் தரத் தேவையான அளவைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவான டெஸ்டோஸ்டிரோனே அதில் இருந்தது. எனவே அவர் உணர்ந்த வலிமை மருந்துப்போலி விளைவே என்று முடிவு செய்தனர். அவர் பொய் கூறவில்லை. விசைமானி காட்டிய மாற்றம் உண்மையானதாகவே இருக்கலாம். அதற்குக் காரணம் சாறு அன்று, நம்பிக்கையே ஆகும்.

அகச்சுரப்பியியலின் வளர்ச்சி

விந்தகச் சாறு தோல்வியுற்றாலும் அது காட்டிய திசை வீணாகவில்லை. எல்லாத் திசுக்களும் தமக்கே உரிய பொருட்களைக் குருதியில் சேர்க்கின்றன என்றும், அவை குறைவதால் உண்டாகும் நோய்களை அதே உறுப்பின் சாற்றால் தீர்க்கலாம் என்றும் பிரவுன்-செக்காரும் தார்சோன்வாலும் 1891ஆம் ஆண்டில் எழுதினர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே, தைராய்டு குறைபாட்டால் வாடிய பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்தி நலமடையச் செய்தார். தைராய்டு தன் இயக்குநீரைச் சேமித்து வைக்கும் சுரப்பி என்பதால், விந்தகத்தில் தோற்ற முறை இங்கு வெற்றி பெற்றது.

1905ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இத்தகைய பொருட்களுக்கு ஹார்மோன் என்ற பெயரை வழங்கினார். தமிழில் இது இயக்குநீர் எனப்படுகிறது. 1921ஆம் ஆண்டில் இன்சுலின் கண்டறியப்பட்டது. டெஸ்டோஸ்டிரோனைச் செயற்கையாக உருவாக்கும் முறையை 1935ஆம் ஆண்டில் அடால்ஃப் பூட்டெனான்டும் லியோபோல்டு ருசிக்காவும் தனித்தனியே கண்டறிந்தனர். இருவருக்கும் பாலின இயக்குநீர்கள் உள்ளிட்ட ஆய்வுகளுக்காக 1939ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் இளமை தேடும் முயற்சிகள் வேறு வடிவங்களில் தொடர்ந்தன. ஆஸ்திரியாவின் ஆய்கன் ஸ்டைனாக், விந்துக் குழாயைக் கட்டிவிட்டால் இயக்குநீர் கூடும் என்று நம்பினார். சிக்மண்ட் பிராய்டும் கவிஞர் யேட்சும் இவ்வறுவைச் சிகிச்சையைச் செய்துகொண்டவர்கள். பிரான்சில் செர்ஜ் வொரொனாஃப் 1920ஆம் ஆண்டு முதல் குரங்கின் விந்தகத் துண்டுகளை ஆண்களுக்குப் பொருத்தினார். இம்முறைகளும் பயனற்றவை எனப் பின்னர் கைவிடப்பட்டன.

இன்றைய மருத்துவத்தின் நோக்கில்

பிரவுன்-செக்கார் எழுப்பிய கேள்வி இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. வயது ஏறும்போது ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைகிறது என்று அவர் ஊகித்தது பொதுவாக உண்மையே. ஆனால் இக்குறைவு மெதுவானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு என மதிப்பிடப்படுகிறது. பெண்களின் மாதவிடாய் நிற்பது போன்ற திடீர் மாற்றம் ஆண்களுக்கு ஏற்படுவதில்லை.

இந்த இயக்குநீரின் அளவு விந்தகத்தால் மட்டும் முடிவு செய்யப்படுவதன்று. மூளையின் கீழ்ப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் கபச் சுரப்பியைத் தூண்டுகிறது. கபச் சுரப்பி விந்தகத்தைத் தூண்டுகிறது. குருதியில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவை எட்டியதும் இத்தூண்டல் குறைகிறது. இதனால் வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைச் செலுத்தினால் விந்தகத்தின் சொந்த உற்பத்தி குறைந்து, விந்தணுக்களும் குறைகின்றன. குழந்தைப் பேற்றை விரும்பும் ஆண் ஒருவர் வலிமைக்காக இதை எடுத்துக்கொண்டால், விரும்பியதற்கு நேர்மாறான விளைவே ஏற்படும்.

வாழ்க்கை முறையும் இச்சமநிலையைப் பாதிக்கிறது. உடற்பருமன், இரண்டாம் வகை நீரிழிவு, மிகுந்த மது, உறக்கக் குறைவு, அபினி வகை வலிநீக்கிகளின் நீண்ட காலப் பயன்பாடு ஆகியவை டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கின்றன. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், நலமான இளைஞர்கள் ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் உறங்கியபோது, பகலில் அவர்களது டெஸ்டோஸ்டிரோன் அளவு 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது. பருமனான ஆண்கள் எடையைக் குறைக்கும்போது இவ்வளவு உயர்கிறது. தமது உறக்கம் கெட்டிருந்ததை 1889ஆம் ஆண்டில் பிரவுன்-செக்காரே முதுமையின் குறிகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டிருந்தார். அது தளர்ச்சியின் விளைவாக மட்டுமன்றிக் காரணமாகவும் இருக்கலாம் என்பது அன்று அறியப்படவில்லை.

ஆண்களின் பாலியல் நலம் முழுவதையும் ஒரே இயக்குநீரால் விளக்க முடியாது என்பதும் இன்று தெளிவு. பால் விருப்பத்தில் டெஸ்டோஸ்டிரோனுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் விறைப்புக் குறைபாடு பெரும்பாலும் குருதிக் குழாய்களின் கோளாறாகும். புகைபிடித்தல், உயர் குருதி அழுத்தம், நீரிழிவு, மிகைக் கொழுப்பு ஆகியன ஆண்குறியின் சிறிய குழாய்களை முதலில் பாதிக்கின்றன. ஆகவே இக்குறைபாடு வரவிருக்கும் இதய நோயின் முன்னறிவிப்பாகவும் அமைவதுண்டு. மனச்சோர்வு, கவலை, சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். வெட்கத்தால் மறைத்து, விளம்பரங்களை நம்பி மருந்து வாங்குபவர், இந்த முன்னறிவிப்பைத் தவறவிடக்கூடும்.

டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை, காலை வேளையில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்த குருதிச் சோதனையில் குறைவு உறுதியாகி, அதற்குரிய அறிகுறிகளும் உள்ளவர்களுக்கே பரிந்துரைக்கப்படுகிறது. 65 வயதுக்கு மேற்பட்ட, இயக்குநீர் குறைந்த ஆண்களிடம் நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், பாலியல் செயற்பாட்டில் மிதமான முன்னேற்றம் காணப்பட்டது; பிரவுன்-செக்கார் வேண்டிய உடல் ஊக்கத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை கூடவில்லை என்றாலும், இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையும் நுரையீரலில் குருதி உறைதலும் சற்று மிகுதியாகக் காணப்பட்டன. இளமையை மீட்கும் மருந்தாக இது ஏற்கப்படவில்லை.

தனி வாழ்க்கை

பிரவுன்-செக்கார் மூன்று முறை திருமணம் செய்தார். 1853ஆம் ஆண்டில் பாஸ்டனைச் சேர்ந்த எலன் பிளெட்சரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகன் உண்டு. எலன் 1864ஆம் ஆண்டில் இறந்தார். 1872ஆம் ஆண்டில் நடந்த இரண்டாம் திருமணம் நிலைக்கவில்லை. 1877ஆம் ஆண்டில் மூன்றாம் முறையாகத் திருமணம் செய்துகொண்டார். ஓரிடத்தில் நிலைத்து வாழாமல் அத்திலாந்திக் பெருங்கடலைப் பலமுறை கடந்து கண்டம் விட்டுக் கண்டம் சென்றுகொண்டே இருந்தார். பதவிகளையும் வருவாய் தரும் மருத்துவத் தொழிலையும் ஆய்வுக்காகப் பலமுறை துறந்தார்.

மறைவும் நினைவும்

பிரவுன்-செக்கார் 1894 ஏப்ரல் மாதத்தில், தமது 77ஆம் வயதை எட்டும் தறுவாயில், பிரான்சில் காலமானார். கொலேஜ் த பிரான்சில் அவரது பதவியைத் தார்சோன்வால் ஏற்றார். மொரிசியஸ் தீவின் மனநல மருத்துவமனை இவரது பெயரைத் தாங்கியுள்ளது.

மருத்துவ வரலாற்றில் இவர் இரு வகையாக நினைவுகூரப்படுகிறார். நரம்பியல் நூல்களில் இவரது பெயர் ஒரு கூட்டறிகுறியுடன் இணைந்து மதிப்புடன் நிற்கிறது. முதுமை பற்றிய நூல்களிலோ, ஒருவர் தம் உடலில் தாமே கண்ட மாற்றம் ஒரு மருந்தின் பயனுக்குச் சான்றாகாது என்பதற்கு எடுத்துக்காட்டாக இவரது சோதனை குறிப்பிடப்படுகிறது. சுரப்பிகளின் சாற்றால் நோய் தீர்க்கலாம் என்ற அவரது எண்ணத்தின் வழியில் வந்த தைராய்டு மருந்தும் இன்சுலினும் பல கோடி மக்களின் உயிரைக் காத்து வருகின்றன. ஆண்மையை மீட்பதாகக் கூறி விற்கப்படும் போலி மருந்துகளும் அவரது காலத்திலிருந்து இடைவிடாது தொடர்ந்து வருகின்றன.